படைத்துறையும் சந்தையும் வடித்த கத்தி: சுவிஸ் படைவீரர் மடக்குக் கத்தியின் வடிவ வளர்ச்சி (1891–2008)

சுவிட்சர்லாந்துப் படைவீரரின் மடக்குக் கத்தி 1890, 1908, 1951, 1961, 2008 என்னும் ஐந்து முதன்மை மாதிரிகளைக் கண்டது. இவ்வரிசையைக் கருவிகள் ஒவ்வொன்றாகக் கூடிய கதையாகச் சொல்வது வழக்கம். அது முழுமையான விளக்கம் ஆகாது. படைத்துறைக்கான கத்தி, சந்தைக்கான கத்தி என இரு கிளைகள் தனித்தனியே வளர்ந்து 2008-இல் ஒன்று சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோற்றம்: துப்பாக்கியும் தகரடப்பாவும்

1889-இல் சுவிஸ் படை ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும். களத்தில் டப்பா உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். இந்த இரு தேவைகளிலிருந்தே 1890 மாதிரி உருவானது. அலகு, குத்தூசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் கருமையான ஓக் மரக் கைப்பிடிக்குள் மடங்கின. எடை சுமார் 144 கிராம்.

படைக்கு வேண்டிய அளவு கத்திகளைச் செய்து தரும் திறன் அன்று உள்நாட்டுப் பட்டறைகளுக்கு இல்லை. முதல் 15,000 கத்திகளை ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்த வெஸ்டர் நிறுவனம் செய்தது. 1884-இல் ஷ்விட்ஸ் மாநிலத்தின் ஈபாக்கில் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனர், நாட்டின் கத்திக் கொல்லர்களை ஒரு சங்கமாகத் திரட்டி 1891-இலேயே படைக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். ஆனால் சோலிங்கனின் விலைக்கு அவரால் செய்ய முடியவில்லை, கடனில் மூழ்கினார்.

கிளை பிரிதல்: 1897

அந்த நெருக்கடியிலிருந்து எல்செனரை மீட்டது படைத்துறை கேட்காத ஒரு கத்தி. 1897 ஜூன் 12 அன்று அவர் பதிவு செய்த ‘அதிகாரி கத்தி’ எடை குறைந்தது, நேர்த்தியானது. இரண்டாவது சிறு அலகும் தக்கைத் திருகியும் அதில் புதிதாகச் சேர்ந்தன. இதற்கு இடம் தந்தது ஸ்பிரிங் அமைப்பு. கைப்பிடியின் முதுகுப் பக்கத்திலும் கருவிகளைப் பொருத்தி, அதே ஸ்பிரிங்குகளை அவற்றையும் பிடித்து நிறுத்தச் செய்தார் எல்செனர். இரண்டே ஸ்பிரிங்குகள் ஆறு கருவிகளைத் தாங்கின.

படைத்துறை இதை வீரர்களுக்கு வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கினர். அரசு விதித்த அளவுகோல் எதற்கும் கட்டுப்படாததால் அது தடையின்றிக் கிளைத்தது. பிற்காலத்தில் ரம்பம், கத்தரிக்கோல், உருப்பெருக்கி வரை அதன் உடலுக்குள் நுழைந்தன. தக்கைத் திருகியோ படைவீரர் கத்தியின் ஐந்து முதன்மை மாதிரிகளில் ஒன்றிலும் இடம்பெறவில்லை.

படைத்துறைக் கிளை: மெதுவான மாற்றம்

படைவீரர் கத்தியில் கருவிகளின் தொகுதி பெரிதாக மாறவில்லை, மாறியது பொருள். 1908 மாதிரிக்கு மரத்தைவிட உறுதியான ஃபைபர் கைப்பிடி இருந்தது; எடை 125 கிராம் ஆனது. ஜூரா பகுதியின் டெலெமோன் நகரிலிருந்த வெங்கர் நிறுவனமும் எல்செனரும் அரசு ஒப்பந்தத்தை அதே ஆண்டு முதல் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். இரு பட்டறைகளில் செய்தாலும் ஒரே கத்தியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை, புதுமைக்கு ஒரு கடிவாளமாகவும் அமைந்தது.

தாய் விக்டோரியா 1909-இல் மறைந்தபின் எல்செனர் அவர் பெயரையே நிறுவனத்துக்கு இட்டார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு பயன்பாட்டுக்கு வந்தபோது, அதைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ பிறந்தது. ஆனால் படைவீரர் கத்தி அந்த எஃகுக்கு மாறியது 1951 மாதிரியில்தான். இந்த முப்பதாண்டு இடைவெளி இரு கிளைகளின் வேகத்தையும் தெளிவாகக் காட்டுகிறது. 1951-இல் நீளம் 100-இலிருந்து 93 மில்லிமீட்டராகவும், எடை 90 கிராமாகவும் குறைந்தன. 1961-இன் அலுமினியக் கைப்பிடி எடையை 72 கிராமுக்கு இறக்கியது. முதல் மாதிரியில் சரிபாதி.

கிளைகளின் இணைப்பு: 2008

அடுத்த மாதிரி வர 47 ஆண்டுகள் ஆயின. 2008-இன் கத்தி 111 மில்லிமீட்டர் நீளமும் சுமார் 131 கிராம் எடையும் கொண்டது. அலை விளிம்புள்ள அலகை ஒற்றைக் கையால் திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும். மர ரம்பமும் ஸ்டார் திருப்புளியும் சேர்ந்தன. வழுக்காத பிடி வந்தது.

எடை குறைப்பதே முன்னேற்றம் என்றிருந்த நெடும்போக்கு இங்கே திசை திரும்பியது. புதிய உடல் 1961 மாதிரியிலிருந்து வளர்ந்ததன்று. பொதுமக்களுக்கு ஏற்கெனவே விற்பனையில் இருந்த 111 மில்லிமீட்டர் வரிசையைச் சேர்ந்தது. படைத்துறை ஏற்காமல் விட்ட கிளையே படைத்துறைக்கு வடிவம் தந்தது.

முடிவுரை

தேவையைத் தெளிவாக வரையறுத்ததும் தரத்தை நிலைநிறுத்தியதும் படைத்துறையின் பங்கு. பலவகைப் பயனர்களின் கையில் வடிவத்தைச் சோதித்துப் பெருக்கியது சந்தையின் பங்கு. ஈபாக் பட்டறையின் நிலைபேற்றுக்கும் இந்த இரட்டை வழியே காரணம்: அரசு ஒப்பந்தம் மட்டும் இருந்திருந்தால் 1890-களின் கடனிலேயே அது மூடப்பட்டிருக்கும். ஆகவே கைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் அதிகாரபூர்வ மாதிரிகளின் பட்டியலோடு நின்றுவிடாமல், அப்பட்டியலுக்கு வெளியே விற்ற பொருள்களையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.