காயத்துக்கு வந்த கூழ்

ஆவுடையார்கோவிலில் என் அம்மா பழைய சேலையைக் கிழித்துத்தான் வைத்துக்கொள்வார். துவைத்த துணியைக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுவார். “ஆம்பளைங்க கண்ணுல பட்டுறக் கூடாதுடி” என்பார். வெயில் படாமல் அரைகுறையாகக் காய்ந்த அந்தத் துணியைத்தான் நானும் வைத்துக்கொண்டேன்.

துணியின் இடத்துக்கு மரக்கூழ் வந்த கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது பஞ்சு போதாமல், அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழில் செய்த ‘செல்லுகாட்டனை’ காயக்கட்டாகக் கொடுத்தது. வீரர்களின் காயத்துக்கு வந்ததைச் செவிலியர்கள் தங்கள் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். அந்த யோசனைதான் 1920இல் ‘கோடெக்ஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் நிலைத்தது. அந்தச் செவிலியரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தமும் முதலில் பஞ்சை வைத்துத் தோற்றவர்தான். வீட்டுப் பெண்கள் பேசக் கூசியதால், ஆட்டு இரத்தம் நிரப்பிய பையைக் கட்டிக்கொண்டு தானே அணிந்து சோதித்தார். உறிஞ்சிய ஈரத்தை அழுத்தத்திலும் விடாமல் பிடிப்பது மரக்கூழ் என்று அறியவே ஆண்டுகள் ஆயின. கூழை அரைத்து, அழுத்தி, உறையிட்டு, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கும் அவரது எளிய இயந்திரங்களை மகளிர் குழுக்கள் இயக்கின.

2012இல் தொடங்கிய தமிழக அரசின் ‘புதுயுகம்’ திட்டம், கிராமத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகக் கொடுத்தது.

இன்றும் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றித்தான் என்னிடம் நீட்டுகிறார். கூழில் செய்ததை மறைக்கக் கூழில் செய்த இன்னொரு தாள். அம்மாவின் பாவாடை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது.