பைலட்: கப்பல்ல இருந்து இறங்கி விமானத்துல ஏறின சொல்

போன வாரம் எங்க ஆபீஸ் மீட்டிங்ல, பழைய பில்லிங் சிஸ்டத்தை மாத்துறதுக்கு "முதல்ல ஒரு பைலட் விட்டுப் பார்ப்போம்"னு முடிவாச்சு. எங்க யாருக்கும் அந்த சிஸ்டத்தோட தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அதனாலதான் பைலட்! அன்னைக்கு ராத்திரி இந்தச் சொல்லைத் தோண்டினேன். அர்த்தம் அப்படியே தலைகீழா இருந்துச்சு.

கிரேக்கத்துல 'பேடோன்'னா துடுப்பு. அதுல இருந்து சுக்கான் பிடிக்கிறவருக்கு ஒரு பேர் வந்து, இத்தாலி, பிரான்ஸ் வழியா 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ள 'பைலட்' ஆச்சு. விமானம் வர இன்னும் முந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கு.

கவனிங்க, பைலட் கேப்டன் இல்ல. கப்பல் கேப்டனோடது, அந்த இடத்துத் தண்ணி பைலட்டுக்குத் தெரியும். எங்க மணல் திட்டு, எங்க பாறைன்னு. இன்னைக்கும் சென்னைத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தா, ஒரு பைலட் சின்னப் படகுல போய், கயித்து ஏணியில ஏறித்தான் உள்ள கூட்டிட்டு வர்றார். எழுத்தாளர் மார்க் ட்வைன்கூட 1859ல லைசென்ஸ் வாங்கின மிசிசிப்பி ஆத்து பைலட். 'மார்க் ட்வைன்'னா ஆழம் பார்க்கிறவங்க போடுற குரல்: 12 அடித் தண்ணி இருக்கு, போலாம்!

நம்ம 'மாலுமி'யும் இதே ஜாதிதான். அரபியில 'முஅல்லிம்'னா ஆசிரியர். கடல்ல வழி தெரிஞ்சவருக்கு அதுதான் பட்டம். 1498ல வாஸ்கோ ட காமா மலிந்தியில அப்படி ஒருத்தரை ஏத்திக்கிட்டுத்தான் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். (சுக்கானும் அரபிதான். கடல் விஷயத்துல நாம நிறைய கடன் வாங்கியிருக்கோம்.)

பலூன்காரங்க இந்தச் சொல்லை ஆகாயத்துக்குக் கொண்டுபோனாங்க. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல விமானம் ஓட்டுறவரும் பைலட் ஆனார். 1914ல பாரிஸ்ல லாரன்ஸ் ஸ்பெர்ரி, பறக்கும்போதே ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டினார். ஆட்டோபைலட்டோட ஆரம்பம் அது.

சரி, 'சோதனை'ங்கிற அர்த்தம் எப்படி வந்துச்சு? முன்னாடி போய் வழி காட்டுறதுங்கிற பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. ரயிலுக்கு முன்னாடி தண்டவாளம் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே போற இன்ஜின், மந்திரி கான்வாய்க்கு முன்னாடி போற கார், சீரியலோட முதல் எபிசோட், எல்லாமே பைலட். வழி தெரிஞ்ச ஆளுங்கிற இன்னொரு பாதி எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு.

எங்க சப்போர்ட் டீம்ல ஒரு அக்கா இருக்காங்க. அந்த பில்லிங் சிஸ்டத்தைப் பத்து வருஷமா பார்த்துக்கிறாங்க. எந்த மாசக் கடைசியில எது படுக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாங்க. பைலட் மீட்டிங்குக்கு அவங்களை யாருமே கூப்பிடல, நான் உட்பட. திங்கக்கிழமை மீட்டிங்குக்கு அவங்க பேரைச் சேர்த்திருக்கேன்.