தொண்டையில் ஓட்டையா? மூக்கில் காற்றா?

கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. போக்கரில் இப்படிச் சீட்டு விழுந்தால் சும்மா விடுவீர்களா? அந்த அமெரிக்க பிசினஸ்மேன் விட்டார். பந்தயத்தை ஏற்ற வேண்டிய நேரத்தில் அப்படியே தூங்கிப்போனார்! ஆசாமி நல்ல குண்டு. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1956-ல் டாக்டர் பர்வெல் குழுவினர் அவர் கதையை எழுதி, டிக்கன்ஸ் நாவலில் வரும் தூங்குமூஞ்சிப் பையனை நினைத்து 'பிக்விக்கியன்' நோய் என்று பேர் வைத்தார்கள்.

ஏன் இந்தப் பகல் தூக்கம்? 1965-ல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இப்படிப்பட்டவர்களை ராத்திரி முழுக்க கருவி மாட்டிக் கவனித்தபோதுதான் புரிந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடுகிறது. மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. விடிய விடிய இதே கதை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும் குறட்டையாகக் கேட்கும்.

வைத்தியம்? குரல்வளைக்குக் கீழே ஓட்டை! 1969-ல் ஜெர்மன் டாக்டர்கள் செய்து காட்டினார்கள். பகலில் மூடி, ராத்திரி திறந்துகொள்ள வேண்டும். பலன் என்னவோ உறுதி. ஆனால் தினமும் குழாயைச் சுத்தம் பண்ணணும், தலைக்குக் குளிக்கவே யோசிக்கணும். நீங்களாக இருந்தால் சம்மதிப்பீர்களா?

1980 ஜூனில் சிட்னியில் ஒரு நோயாளி 'முடியவே முடியாது' என்றார். வேறு எதையாவது சோதித்துப் பார்க்க மட்டும் தயார். டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊத வைத்தார். மூக்கில் மாஸ்க்கை ஒட்டி, காற்றை உள்ளே செலுத்தினார். காற்றடித்த டியூப் மாதிரி தொண்டை விரிந்தே நின்றது. குறட்டை கப்சிப்! மனிதர் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். 1981-ல் ஐந்து பேரின் விவரம் 'லான்செட்' இதழில் வந்தது. இன்றைய சிபாப் மெஷினுக்கு அதுதான் பாட்டன்.

அதே 1981-ல் அமெரிக்காவில் டாக்டர் ஃபுஜிடா உள்நாக்கை வெட்டும் ஆபரேஷனை அறிவித்தார். பலருக்குக் குறட்டை குறைந்தது, மூச்சடைப்பு போகவில்லை. என் ஓட்டு மெஷினுக்கே. ஆனால் அது நோயைத் தீர்ப்பதில்லை. ஒரு ராத்திரி கழற்றினாலும் பழைய குருடி! மாஸ்க் பிடிக்காமல் பரணில் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தாடையை முன்னே தள்ளும் பல் கருவி இருக்கிறது. 2014-ல் நாக்கு நரம்பைத் தூண்டும் கருவிக்கும், 2024 டிசம்பரில் பருமனானவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசிக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது.

அந்தச் சீட்டாட்டக்காரர்? 800 கலோரி சாப்பாடு போட்டே எடையைக் குறைத்தார்கள். தூக்கம் தெளிந்தது.