மாடியில் மறைந்த ஆலயம்

கடலைத் தடுத்து அணை கட்டி, அலை புரண்ட இடத்தை வயலாக்கியவர் டச்சு மக்கள். ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்தது இவர்களைத்தான். அலையை எதிர்த்த அம்மக்கள் அரியணையையும் எதிர்த்தனர்.

ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப், மதத்தின் பேரால் அவர்களை வாட்டினான். எவரையும் அவரது மதத்திற்காக விசாரித்துத் துன்புறுத்தலாகாது என்று 1579-இல் யூட்ரெக்ட் உடன்படிக்கையில் எழுதினர். 1581-இல் மன்னனையே துறந்தனர். மன்னனுக்காக மக்கள் அல்லர், மக்களுக்காகவே மன்னன் என்பது அன்று அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தின் கருத்து. ஏற்றமிகு எண்ணமன்றோ!

சகிப்புத்தன்மை எங்கள் தேசப் பண்பு என்று டச்சு மக்கள் பெருமை பேசுவதற்கு வேர் இதுவே. வேரைப் போற்றுவோம். ஆனால் மரத்தின் நிழல் எல்லோர்க்கும் கிடைத்ததா என்று நாம் கேட்க வேண்டாமா?

ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியவில்லை. 1663-இல் ஒரு வணிகர் தம் வீட்டு மேல்மாடியில் ஆலயம் அமைத்தார். அதிகாரிகள் அறிந்தும் அறியாதார் போல் இருந்தனர். கும்பிடலாம், கண்ணில் படலாகாது! இது உரிமையா? அன்று, சலுகை! யூதர்க்குச் சம குடியுரிமை வந்ததே 1796-இல்தான்.

கடலுக்கு அப்பால் அந்தச் சலுகையும் இல்லை. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி, பஞ்சத்தில் வாடிய சோழமண்டலக் கரை மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. சுரினாமின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் வதைபட்டனர். 1863-இல் அடிமைத்தளை அறுபட்டது. நட்டஈடு யாருக்கு? உழைத்தவனுக்கா? இல்லை, உடைமையாளனுக்கு, சுரினாமில் தலைக்கு 300 கில்டர்! விடுபட்டவனுக்கோ மேலும் பத்தாண்டு கட்டாய ஒப்பந்த வேலை!

1975-இல் சுரினாம் தனி நாடாயிற்று. அதனையொட்டிப் பல்லாயிரவர் நெதர்லாந்தில் குடியேறினர். அதற்கு முன்பே துருக்கியரும் மொராக்கோ மக்களும் ஆலைகளில் உழைக்க வந்திருந்தனர். எங்கள் பண்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இவர்களை நோக்கிச் சிலர் முழங்குகின்றனர். எந்தப் பண்பாட்டை? மன்னனை மறுத்த பண்பாட்டையா, மாடியில் மறைத்த பண்பாட்டையா?

2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அதனால் நாடு சிறுத்துவிடவில்லை. 1581-இன் சொல்லுக்குச் சற்று அருகே வந்தது.

அணை கட்டியவர் அறிவர், அணை ஒருநாள் வேலையன்று என்பதை. சமத்துவமும் அப்படித்தான், நாள்தோறும் காத்தாலன்றி நில்லாது!