பாலைவனத் தனிமையும் தூய உள்ளமும்

மக்களை விட்டு விலகித் தனித்திருந்தால் உள்ளம் தூய்மை பெறும் என்பது பலர் நெஞ்சிலும் எழும் எண்ணமாகும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குச் சென்ற கிறித்தவத் துறவியர் இவ்வெண்ணத்தைத் தம் வாழ்க்கையைக் கொண்டே சோதித்துப் பார்த்தனர். தனிமை உள்ளத்தைத் தானாகத் தூய்மை செய்வதில்லை. அதன் அழுக்கைக் காட்டிக் கொடுக்கிறது என்பதே அவர்கள் கண்ட உண்மை.

கோட்டையில் இருபது ஆண்டுகள்

இத்துறவியரின் தந்தை எனப் போற்றப்படுபவர் வனத்து அந்தோனியார். ஏறத்தாழ கி.பி. 251இல் பிறந்து 356இல் மறைந்த அவருடைய வரலாற்றை அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் கிரேக்க மொழியில் எழுதினார். பெற்றோரை இழந்த இளைஞரான அந்தோனியார் ஒருநாள் கோயிலுக்குள் நுழைந்தபோது, நிறைவு பெற விரும்புவோன் தன் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கட்டும் என்னும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அது தமக்கென்றே உரைக்கப்பட்டதாகக் கொண்ட அவர், தம் நிலங்களை ஊராருக்குக் கொடுத்து நீங்கினார். பின்னர்ப் பாழடைந்த கோட்டையொன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனித்திருந்தார்.

அன்பர்கள் கதவைப் பெயர்த்து அவரைக் கண்டபோது அவர் கூட்டத்தைக் கண்டு கலங்கவுமில்லை. பலர் வணங்கியதால் மகிழவுமில்லை என்கிறார் அத்தனாசியார். வெளிவந்தவர் துயருற்றோரைத் தேற்றினார். பகைத்து நின்றோரை இணைத்து வைத்தார். தனிமையின் பயன் மீண்டும் மனிதரிடையே வெளிப்பட்டது என்பது கருதத்தக்கது.

அறைக்குள் எழும் எண்ணங்கள்

அந்தோனியாரின் காலத்திலேயே நைல் ஆற்றின் மேற்கே நீத்ரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் ஆகிய இடங்களில் துறவியர் பெருகினர். கெல்லியா என்பதற்குச் ‘சிற்றறைகள்’ என்பது பொருள். கூடை முடைந்தும் கயிறு திரித்தும் வாரநாள்களைத் தனித்துக் கழித்த அவர்கள், வார இறுதியில் வழிபாட்டுக்குக் கூடினர்.

கான்ஸ்டாண்டிநோபிளில் சொல்வன்மையால் புகழ்பெற்றிருந்த எவாக்ரியுஸ் இவர்களிடையே வந்து வாழ்ந்து 399இல் மறைந்தார். துறவியை அலைக்கழிக்கும் எண்ணங்களைப் பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்புகழ், செருக்கு என எட்டாக அவர் வகுத்தார். ‘தலையான பாவங்கள் ஏழு’ என்னும் பிற்காலப் பகுப்பு இதிலிருந்து வளர்ந்ததே. நண்பகற் சோர்வு பற்றிய அவருடைய விளக்கம் நுட்பமானது. அறையில் அமர்ந்த துறவிக்கு ஞாயிறு நகராமல் நிற்பதுபோல் தோன்றும். அவன் கண்கள் அடிக்கடி பலகணியை நாடும். உலகைத் துறந்தவனின் உள்ளத்தில் உலகம் குடியிருந்ததை அறிந்தவர் எழுத்து இது.

ஒரு சொல்லின் பயணம்

இவ்வெண்ணங்கள் அடங்கிய நிலையை எவாக்ரியுஸ் ‘அபாதேயா’ என்றார். அதிலிருந்து பிறப்பதே அன்பு என்பது அவர் கொள்கை. ஆனால் அச்சொல் பூசலுக்கு இடமாயிற்று. அது மனிதனைக் கல்லாக்கும் அல்லது கடவுளாக்கும் கொள்கை என ஜெரோம் கடிந்தார்.

எகிப்தில் பல ஆண்டுகள் பயின்ற யோவான் காசியான், பின்னர் மர்சேயில் தங்கி 420களில் துறவியரின் உரையாடல்களை இலத்தீனில் நூலாக்கினார். அங்கே அக்கிரேக்கச் சொல் இல்லை. ‘உள்ளத் தூய்மை’ என்னும் தொடரே அதன் இடத்தில் நிற்கிறது. தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பர் என்னும் இயேசுவின் மலைப்பொழிவை அத்தொடர் நினைவூட்டுவது. பூசலுக்குரிய சொல் நீங்கிற்று, பொருள் நிலைத்தது.

முதல் உரையாடலில் ஸ்கேத்திஸ் துறவி மோசே உழவனை உவமையாக்குகிறார். விளைச்சலே உழவனின் முடிவான பயன். அதற்காக அவன் கண்முன் கொள்ளும் குறி, நிலத்தைக் களையறச் செய்தல். அவ்வாறே இறையாட்சி முடிவு. உள்ளத் தூய்மை குறி. நோன்பும் விழிப்பும் தனிமையும் கருவிகளே.

எழுதுகோலும் கூடையும்

பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்த சிலர் ஒரு கத்திக்காகவும் ஊசிக்காகவும் எழுதுகோலுக்காகவும் சினந்ததையும், தம்மிடமுள்ள நூலைப் பிறர் தொடவும் விடாமல் காத்ததையும் அம்முதியவர் சுட்டுகிறார். காசியானும் தம்மை விலக்கிக்கொள்ளவில்லை. தனித்திருந்த நாள்களில் நாணல் எழுதுகோலின் தடிப்பும் மெலிவும் பிடிக்காதபோதும், படிக்க விரைகையில் சிக்கிமுக்கிக் கல் உடனே பொறி தராதபோதும் தாம் சினந்ததை வேறொரு நூலில் அவர் ஒப்புக்கொள்கிறார். சினத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டியதில்லை. எழுத்தையே வாழ்வாகக் கொண்டோர் இவ்விடத்தை எளிதில் கடந்துவிட இயலாது.

மோசே என்னும் பெயருடைய துறவி ஒருவரைப் பற்றிப் பாலைவன மூதுரைகள் கூறும் நிகழ்ச்சியும் உண்டு. தவறிழைத்த ஒருவரை விசாரிக்கத் துறவியர் கூடி அவரை அழைத்தனர். அவர் ஓட்டைக் கூடையில் மணல் நிறைத்து முதுகில் சுமந்து வந்தார். தம் பாவங்கள் பின்னே சிந்திக் கிடக்க, அவற்றைக் காணாத தாம் பிறர் பாவத்தைத் தீர்ப்பிட வந்ததாகச் சொன்னார். கூடியிருந்தோர் குற்றவாளியை மன்னித்தனர்.

தெளிந்த நீர்

அதே தொகுப்பில் மூன்று நண்பர்களின் கதையும் உள்ளது. ஒருவர் பூசல் தீர்க்கவும், ஒருவர் நோயாளரைப் பேணவும், மூன்றாமவர் தனித்திருக்கவும் சென்றனர். தளர்ந்து வந்த இருவருக்கும் மூன்றாமவர் கலத்தில் நீர் ஊற்றிக் காட்டினார். கலங்கியபோது தெரியாத முகம் தெளிந்தபின் தெரிந்தது. கலங்காமல் இருந்தால் தம் குற்றங்கள் தமக்குத் தெரியும் என்றார்.

405க்குப் பின் சில ஆண்டுகளிலேயே ஸ்கேத்திஸ் கொள்ளையரால் பாழாயிற்று. ஆயினும் காசியானின் உரையாடல்களைத் துறவியர் படிக்கவேண்டுமென 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் ஒழுங்கில் விதித்தமையால் பாலைவனத்தின் அறிவு மேலைநாடெங்கும் பரவிற்று. தெளிந்த நீரில் அத்துறவியர் முதலில் கண்டது கடவுளின் முகத்தை அன்று, தம் முகத்தையே. அதைக் கண்டு பிறரிடம் இரக்கம் கொண்ட உள்ளத்தையே அவர்கள் தூய உள்ளம் என்றனர்.