ஹம் நகரமும் காமாட்சி அம்பாளும்

பெர்லினிலிருந்து கொலோன் நோக்கி வரும் விரைவு ரயில்களில் பல ஹம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எசென் வழியாகப் போகும், மறுபாதி ஹாகன், வுப்பர்டால் வழியாக. ஜேர்மனியில் பலருக்கு ஹம் என்றால், சரியான பெட்டியில்தான் இருக்கிறோமா என்று பதறிப் பார்க்கிற இடம், அவ்வளவுதான். ஏறத்தாழ 1,80,000 பேர் வாழும் இந்த நகரம் ரூர் தொழிற்பகுதியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பெருநகரம் என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் தள்ள முடியாது. 1975இல் ஊன்ட்ரொப், ஹேசன் முதலான சுற்றுப்புற ஊர்களை இதனோடு சேர்த்தார்கள். அதனால் நகர எல்லைக்குள்ளேயே வயலும் உண்டு, முன்பு சுரங்கமும் இருந்தது.

பெர்லினும் பிராங்பேர்ட்டும் இருக்க, ஜேர்மனியில் தமிழர் எழுப்பிய மிகப் பெரிய கோயில் இங்கே எப்படி வந்தது?

முதல் காரணம் பக்தியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. எண்பதுகளில் வந்த நம்மவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்குக்குள் நுழைந்தார்கள். மேற்கு ஜேர்மனி கொடுத்த நெருக்கடியால் கிழக்கு ஜேர்மனி 1985இல் தமிழருக்கு அந்த வழியை அடைத்தது. உள்ளே வந்தவர்கள் விரும்பிய ஊரில் தங்கவும் முடியவில்லை. அகதி விண்ணப்பக்காரரை மாநிலங்களுக்கும், பிறகு நகரங்களுக்கும் பங்கு பிரித்து அனுப்பினார்கள். அனுப்பிய மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் சொந்தத் தம்பியைப் பார்க்கப் போவதென்றாலும் அதே கடிதம்தான். லண்டனிலும் டொராண்டோவிலும் நம்மவர் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்து கடைத்தெருக்களை உண்டாக்கினார்கள். ஜேர்மனியில் நாம் சிதறிப்போய் நடுத்தர நகரங்களின் மாடிவீடுகளில் தனித்தனியே வாழப் பழகியதற்கு இந்தச் சட்டம் முக்கியமான காரணம். இதை நாம் போதுமான அளவு எழுதி வைக்கவில்லை என்பது என் குறை.

சிதறிய சனத்துக்குக் கூட ஓரிடம் தேவைப்பட்டது. 1985இல் ஜேர்மனி வந்த பாஸ்கரக் குருக்கள் 1989இல் ஹம் நகரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் அம்பாளை வைத்துப் பூசையைத் தொடங்கினார். அதே 1989இல்தான் ஊன்ட்ரொப்பில் இருந்த அணு உலையையும் நிரந்தரமாக மூடினார்கள். 180 மீட்டர் உயரமான அதன் குளிர்விப்புக் கோபுரத்தை 1991இல் வெடிவைத்து வீழ்த்தினார்கள். ஒரு கோபுரம் விழுந்த வட்டாரத்தில் இன்னொன்று எழுந்தது தற்செயல்தான், விதி என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன்: மூடிய மக்சிமிலியன் சுரங்கத்தின் நிலக்கரி கழுவும் கட்டடத்தை 1984ஆம் ஆண்டுப் பூங்காக் கண்காட்சிக்காகப் பெரிய கண்ணாடி யானையாக மாற்றியிருந்தார்கள். அம்பாளுக்கு முன்பே பிள்ளையார் வந்துவிட்டார் என்று சொல்லிச் சிரிக்கலாம்.

1993இல் முதல் தடவையாக அம்பாள் வீதியுலா வந்தாள். நடுத்தர நகரம் தன் குணத்தைக் காட்டியது அதற்குப் பிறகுதான். பெருநகரத்தில் இன்னொரு ஊர்வலம் யார் கண்ணிலும் படாது. இங்கே பட்டது. ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. வாகனங்கள் தெருவை அடைத்தன, மேளச் சத்தம் வீடுகளுக்குள் கேட்டது, அயலவர் முறையிட்டார்கள். 1997இல் கோயில் ஊன்ட்ரொப் தொழிற்பேட்டைக்கு இடம் மாறியது. ஒதுக்கிவிட்டார்கள் என்று இதைச் சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஜேர்மனியில் எத்தனையோ பள்ளிவாசல்களும் இப்படித்தான் பண்டசாலைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தன. ஆனால் குடியிருப்புத் தெருவில் 17 மீட்டர் இராஜகோபுரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் எங்கே இடம்? தொழிற்பேட்டையில் இடம் இருந்தது. ஹம் நகரின் கட்டடக் கலைஞர் ஹைன்ஸ் ரைனர் ஐக்ஹோர்ஸ்ட் வரைபடம் போட்டார், தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து சிற்பவேலை செய்தார்கள். 2002 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. தீர்த்தத்துக்கு ஆறு தேடவும் வேண்டியிருக்கவில்லை. நிலக்கரிப் படகுகளுக்காக வெட்டிய டாட்டல்ன்-ஹம் கால்வாய் பக்கத்திலேயே இருந்தது. அம்பாள் தீர்த்தமாடுவது அதில்தான்.

தேர்த் திருவிழாவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அயல்நாட்டு இலக்கத்தகடு போட்ட கார்கள் வரிசையில் நிற்கும். முன்பு முறையிட்ட அதே நகரம் இன்று தன்னை அறிமுகப்படுத்தும்போது கண்ணாடி யானைக்குப் பக்கத்தில் இந்தக் கோபுரத்தையும் வைக்கிறது.

ஆனால் திருவிழா சில நாள் கதை. மற்ற வாரங்களில் ஹம் அமைதியான ஊர். உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி வீடு வாங்கிய தலைமுறைக்கு அந்த அமைதி பிடித்திருக்கிறது: வாடகை பரவாயில்லை, அயலவர் பெயர் தெரியும், கோயில் பக்கம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது போதவில்லை. நகரின் கடைசிச் சுரங்கமும் 2010இல் மூடிவிட்டது. படிப்பும் நல்ல வேலையும் டோர்ட்முண்டிலோ மூன்ஸ்டரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கின்றன. அனுமதிக் கடிதம் இல்லாமல் இந்த மாவட்டத்தைத் தாண்ட முடியாமலிருந்தவர்களின் பிள்ளைகள், மாதாந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணி ரயிலில் ஏறிப் போகிறார்கள். தேர் எந்த நாள் என்று அம்மாவிடம் கேட்டு விடுமுறைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.