கரப்பான்

குழந்தையின் கன்னம் சிவந்து, சொரசொரத்து, சொறியச் சொறிய நீர் கசிந்தால் பாட்டி ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: ‘கரப்பான்.’ கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல். வெளிச்சம் கண்டதும் ஒளியும் பூச்சிக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. நோய்க்கும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. கன்னத்தில் ஆறியது சில மாதம் கழித்து முழங்கை மடிப்பில், முழங்காலின் பின்புறத்தில் தலைகாட்டும். பெயர் ஒன்று என்பதற்காகப் பூச்சிமேல் பழி போடவேண்டாம்!

இந்நோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் எக்ஸிமா என்ற பெயர் கிரேக்கச் சொல். ‘கொதித்துப் பொங்குவது’ என்று பொருள். கிரேக்கர்கள் கொப்புளத்தைப் பார்த்தார்கள், நாம் ஒளிந்து விளையாடுவதைப் பார்த்தோம்.

‘கரப்பான் பண்டம்’ என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் பாலூட்டும் தாய்க்கே விலக்கிய வழக்கம் உண்டு. ஆனால் உணவு சில குழந்தைகளுக்கே தூண்டுதல். பால், முட்டை போன்றவை. அடிப்படைக் கோளாறு தோலின் காப்பில் இருக்கிறது. அந்தக் காப்புக்கு உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. காப்பு தளர்ந்தால் ஈரம் வெளியேறும். சோப்பு, கம்பளி, வியர்வை எல்லாம் உறுத்தும்.

வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் மணமில்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். சிவப்பு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம். அதை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் போடுங்கள். தாயைப் பத்தியம் போட்டு வாட்டாதீர்கள்.